நந்தினிக்கு முகம் கிடைத்த பிறகு

கல்கியின் நாவலை வைத்து எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் படம் 2022 செப்டெம்பர் 30 அன்று வெளிவந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் கண்ட இடத்தில் மறித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “அஞ்சு பாகத்தையும் வாசிச்சுப்போட்டுப் போகவேணுமோ, சும்மா போய்ப் பார்த்தால் விளங்குமோ?” வீட்டில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவள் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வரும். அப்போது ஆளுக்கொரு பதில் சொன்னேன். இப்போது கேட்டால் புத்தகத்துக்கொரு பதில் சொல்வேன்.

எங்கள் வீட்டிலேயே அந்தக் கதையோடு மூன்று விதமான உறவு இருந்தது. 1950 இலிருந்து 1954 வரை அது கல்கி இதழில் தொடராக வந்த காலத்தில், அம்மம்மாவின் தமையன் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கட்டுவித்து வைத்திருந்தார். அம்மா வாசித்தது அதில். அந்தக் கட்டு ஏதோ ஓர் இடப்பெயர்வில் போய்விட்டது. நான் பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்து, 2022 இல் திரும்பவும் வாசித்தேன். அது கரண்ட் இல்லாத வருடம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். போனில் எதையும் பார்த்துச் சார்ஜை வீணாக்க முடியாது. சார்ஜ் லைட் வெளிச்சத்தில் ஐந்து பாகமும் ஓடி முடிந்தன. தங்கச்சியின் மகள், எனக்குப் பெறாமகள், ஒரு வரிகூட வாசிக்காமல் படத்துக்கு வந்தாள்.

இடைவேளையிலேயே அம்மா தொடங்கிவிட்டார்.

“ஐஸ்வர்யா ராய் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நந்தினி இப்பிடி நேருக்கு நேர் பார்க்கமாட்டாள்.”

“பின்னை எப்பிடிப் பார்ப்பாள், அம்மம்மா?”

அம்மா கதிரையில் இருந்தபடியே கழுத்தைச் சரித்து, தலையின் ஒரு பக்கத்தில் கையை வைத்துக் கொண்டை போலக் காட்டி, கடைக்கண்ணால் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. அம்மா நடித்துக் காட்டியது கல்கி எழுதிய நந்தினியை அல்ல, மணியம் வரைந்த நந்தினியை. தொடர் வந்த காலத்தில் அதற்குப் படம் வரைந்தவர் மணியம். வாரம் ஒரு படம் கண்ணுக்கு முன்னால் வந்து விழுந்திருக்கிறது. “வாசித்தால் எங்கள் சொந்தக் கற்பனையில் பார்க்கலாம், படம் அதைக் கெடுத்துவிடும்” என்று சொல்லும் பெரியவர்களில் பலருடைய சொந்தக் கற்பனை இந்த மணியத்தின் தூரிகையிலிருந்து வந்ததுதான். ஆகவே முகம் பறிபோகிறது என்ற பயம் இருக்கிறதே, அதை நான் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை. முகம் மாறும். நான் 2022 இல் திரும்ப வாசித்தபோது, பள்ளிக்கூடக் காலத்தில் எனக்கு இருந்த குந்தவை எங்கே போனாள் என்றே தெரியவில்லை, வேறொருத்தி வந்திருந்தாள்.

குரல்தான் வேறு கதை. ‘பொன்னியின் செல்வன்’ புத்தகத்தில் கதை சொல்பவர் ஓர் ஆள். வாசகர்களைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுகிறார். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்வார், கேலி பண்ணுவார், “அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நாம் போவோம்” என்பது போல எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். படத்தில் கமல்ஹாசனின் குரல் தொடக்கத்தில் கொஞ்சம் கதை சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஆள் இல்லை. மணிரத்னத்தைக் குறை சொல்லவில்லை. படத்தில் அப்படி ஓர் ஆளை இருத்தி வைக்க இடம் கிடையாது. ஆனால் படத்தை முதலில் பார்த்த ஒருவர் புத்தகத்தைத் திறந்தால், பழக்கமான கதைக்குள் பழக்கமில்லாத ஒரு குரல் காத்திருக்கிறது. அது நட்டமில்லை, லாபம்.

பெறாமகளுக்கு அந்த லாபம் கிடைத்தது. படம் பார்த்த கிழமையே புத்தகத்தைக் கேட்டாள். முதல் பாகத்தைக் கொடுத்தேன். “இதில இலங்கை வராதே, இலங்கை வாறது எது?” என்று கேட்டு இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றை எடுத்துக்கொண்டு போனாள். ஒழுங்காகத் தொடங்கச் சொல்லி அம்மா கத்தினார். நான் விட்டுவிட்டேன். வந்தியத்தேவன் யார், பூங்குழலி ஏன் படகோட்டுகிறாள் என்பதெல்லாம் படம் பார்த்தே அவளுக்குத் தெரியும். தம்புள்ளை, அனுராதபுரம், அருள்மொழிக்குப் பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தைக் கொடுக்க வரும் அந்த இரவு, தொண்டைமானாற்று முகத்துவாரம் என்று ஒரே ஓட்டமாக வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு முதல் பாகத்துக்குப் போனாள். பாத்திரங்கள் குவிந்து கிடக்கும் பெரிய நாவலுக்குப் படம் முதலில் என்பது என் கட்சி. பெயர்களோடு மல்லுக்கட்டும் முதல் நூறு பக்கத்தை அது மிச்சப்படுத்திக் கொடுக்கும். அதற்குப் பிறகு எந்த வாசலாலும் உள்ளே போகலாம்.

நேரம் இருந்தும் முழுதாக வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டம் வரை மட்டும் வாசியுங்கள். மூடுபல்லக்கில் வந்தது யார், சிம்மாசனத்துக்கு யார் யார் கண் வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குள் விளங்கிவிடும். அந்த அளவு போதும். எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அம்மாதான் சாட்சி. 2023 ஏப்ரலில் இரண்டாவது படம் வந்தபோது, “மணிமேகலை எங்கே? மணிமேகலை எங்கே?” என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். நாவலில் வரும் அந்தப் பெண் படத்தில் இல்லவே இல்லை. ஓட்டோவில் திரும்பி வரும்போதும் அதே பேச்சுத்தான். “அம்மா, நீங்கள் படம் பார்க்க வந்தனீங்களோ, பிழை பிடிக்க வந்தனீங்களோ?” என்று தங்கச்சி கேட்டதற்கு, “ரெண்டுக்கும்தான் காசு குடுத்தனான்” என்றார்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லவேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் இலங்கையாக வரும் காட்சிகளில் பலவற்றைத் தாய்லாந்தில் எடுத்தார்கள். அதே தாய்லாந்தில் நடப்பதாகச் சொல்லப்படும் ‘குவாய் நதிப் பால’த்தை 1957 இல் எங்கள் கித்துல்கலையில் எடுத்தார்கள். கணக்குச் சரியாகிவிட்டது. ஹற்றன் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கும் இடம்தான். களனி கங்கைக் கரையில் பாலத்தின் அத்திவாரத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952 இல் எழுதிய நாவலில் அந்தப் பாலம் தப்பிவிடுகிறது. படத்தில் வெடித்துச் சிதறுகிறது. அதுதான் படத்தின் உச்சம், அதற்காகத்தான் இங்கே அவ்வளவு பெரிய பாலத்தையே கட்டினார்கள். இத்தனை வருடம் கழித்து முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்கமாட்டீர்கள். இப்படி முடிவையே மாற்றிய கதைகளில், “முடிவு தெரிந்துவிடுமே” என்ற பயத்துக்கு இடமே இல்லை. வாசித்தவருக்கும் படம் புதிது, பார்த்தவருக்கும் புத்தகம் புதிது.

கொழும்பிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் விஷயம் இன்னும் சுவாரசியம். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் எது முதல் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஸ்டான்லி குப்ரிக் படத்துக்கான வேலையில் இருக்க, கிளார்க் கூடவே நாவலை எழுதினார். இரண்டும் 1968 இல் வந்தன, படம் கொஞ்சம் முந்தி. நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. 1982 இல் வந்த அடுத்த பாகத்தை எழுத உட்கார்ந்த கிளார்க், தன்னுடைய சனியைக் கைவிட்டுப் படத்தின் வியாழனை எடுத்துக்கொண்டார். எழுதியவரே படத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்போது, புத்தகம் என்றால் எப்போதும் மூத்த பிள்ளை, அதற்குத்தான் முதல் மரியாதை என்று நாங்கள் அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

சரி, வாசித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது எதை என்று கேட்டால், ஒரே குரலில் ஓடும் புத்தகங்களை. சியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ அதற்கு நல்ல உதாரணம். 1994 இல் ஆங்கிலத்தில் வந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி, தன் சிறு வயதிலிருந்து 1983 வரை தானே சொல்லும் ஆறு கதைகள். ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கலியாண விளையாட்டில் அவன் மணப்பெண்ணாக இருக்கிறான். அந்த இடத்தை வாசிக்கும்போது எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் பாட்டி அதட்டுவது என் காதில் எங்கள் வீட்டுத் தமிழில்தான் விழுந்தது. கொழும்பில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் விழும். வெளியே ஒரு பாஷை, சமையலறையில் ஒரு பாஷை என்று வளர்ந்த காதுகள் எங்களுடையவை.

தீபா மேத்தாவின் படம் 2020 இல் வந்தது. திரைக்கதையில் செல்வதுரையும் பங்கெடுத்திருந்தார், இங்கேதான் எடுத்தார்கள், வீடுகளும் வெளிச்சமும் எங்கள் ஊர்தான். ஆனால் தமிழ் வாயைத் திறந்ததும் சறுக்கியது. முக்கிய பாத்திரங்களுக்குத் தமிழர்களை எடுக்கவில்லை, பேசும் தமிழ் சரியில்லை என்று படம் வெளிவருவதற்கு முன்பே கனடாத் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். நாங்கள் சில பெண்கள் மாதத்தில் ஒருநாள் கூடி வாசித்துக் கதைப்போம். அந்த முறை இதை எடுத்தோம். புத்தகத்தை முதலில் வாசித்தவர்கள் அரைவாசியில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார்கள். காதில் ஏற்கெனவே இருந்த பாட்டியை இந்தப் பாட்டி துரத்திக்கொண்டிருந்தாள். வாசிக்காதவர்கள் கடைசிவரை இருந்து அழுதார்கள். “அப்ப வாசிக்காமல் பார்த்ததுதானே நல்லது?” என்று ஒருத்தி கேட்டாள். அந்த மாலைக்கு அது நல்லதுதான். ஆனால் அவள் பிறகு புத்தகத்தை எடுத்துச் சில பக்கம் வாசித்துவிட்டு, படத்தில் கேட்ட உச்சரிப்பு விடவே மாட்டேன் என்கிறது என்று திருப்பித் தந்தாள். முகத்தை மாற்றிக்கொள்ளலாம். காதில் ஏறிய குரலை இறக்குவது கஷ்டம்.

அந்தப் புத்தகத்தை முதலில் வாசிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசிப் பகுதி 1983 கலவர நாட்களின் நாட்குறிப்பு. புத்தகமென்றால் ஒரு பக்கத்தில் நிறுத்தி, மூடிவைத்து, பல்கனியில் போய் நின்றுவிட்டு வரலாம். நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்கும் படத்தை அப்படி நிறுத்த முடியாது. மனதை அழுத்தும் விஷயம் என்று முன்கூட்டியே தெரிந்தால், வேகம் உங்கள் கையில் இருக்கும் வடிவத்தை முதலில் எடுங்கள். 83 ஐக் கொழும்பில் இருந்து கண்ட ஓர் அக்கா எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அவர் வாசிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. “எனக்கு ரெண்டும் வேண்டாம்” என்றார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

குரல் என்று நான் சொல்வது மறுபக்கமாகவும் வேலை செய்யும். பூமணியின் ‘வெக்கை’ 1982 இல் வந்த நாவல், கரிசல் காட்டுப் பேச்சில் ஓடுவது. யாழ்ப்பாணத் தமிழும் கொழும்புத் தமிழும் பழகிய எங்களுக்கு முதல் சில பக்கங்கள் தட்டுத்தடுமாறும். அதிலிருந்து எடுத்த ‘அசுர’னை 2019 இல் பார்த்துவிட்டு வாசித்தவர்களுக்கு அந்தப் பேச்சின் இழுவை காதில் இருந்ததால் புத்தகம் சட்டென்று பிடித்துக்கொண்டது. கொலையோடுதான் நாவல் தொடங்குகிறது, ஆகவே கதை தெரிந்துவிட்டதே என்ற கவலையும் தேவையில்லை. தகப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது, எதைப் பறித்துத் தின்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பதுதான் புத்தகம். படத்தில் வரும் தகப்பனின் இளமைக்கால முன்கதை பெரும்பாலும் வெற்றிமாறன் சேர்த்தது. அதைத் தேடிக்கொண்டு புத்தகத்துக்குப் போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

சிங்களப் படைப்புகளுக்கும் நான் படத்தைத்தான் முன்னால் வைப்பேன். பஸ்ஸிலும் ஒஃபிசிலும் கேட்டுப் பழகிய பேச்சுச் சிங்களம் எங்களில் பலருக்கு ஓடும். எழுத்துச் சிங்களம் அப்படி ஓடாது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944 இல் வந்த நாவல். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் அதைப் படமாக்கியபோது ஸ்டூடியோவை விட்டு வெளியே போய் உண்மையான வீட்டில், உண்மையான வெயிலில் எடுத்தார். தெற்கின் ஒரு பெரிய வீடு மெல்ல மெல்ல இறங்கிப்போவதை அதில் பார்த்த பிறகுதான், எம். எம். உவைஸ் தமிழில் தந்த ‘கிராமப் பிறழ்வு’ என் கைக்கு வந்தது. தமிழ் வரிகளை வாசிக்க வாசிக்க, பின்னால் அந்தப் படத்தில் நடித்த புண்யா ஹீந்தெனிய சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது பாத்திரங்களுக்கு ஊர்க்குரல் இல்லாமல் போய்விடும் குறை இதில் இல்லை. மொழிபெயர்ப்பில் மட்டுமே கிடைக்கும் எந்தப் புத்தகத்துக்கும், மூலமொழியில் படம் இருந்தால், இதே ஒழுங்கைச் சொல்வேன். டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு.

எங்கள் ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கு இந்த ஆலோசனை எதுவும் செல்லாது, ஏனென்றால் தெரிவே இல்லை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978 இல் படமாக வந்தது. நெடுந்தீவுக்கு வந்து, வாடி எனும் கரைக் கொட்டில் போட்டு மீன்பிடிக்கும் சம்மாட்டிமாரின், அதாவது மீன்பிடி முதலாளிமாரின், கதை. அந்தக் காலத்து இலங்கைப் படச்சுருள்களில் பல, 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அழிந்துபோயின. நான் தேடியவரை ‘வாடைக்காற்’றைப் பார்க்கக் கிடைக்கவில்லை. செங்கை ஆழியானின் எழுத்துகளை நூலகம் இணையத்தளத்தில் தேடி வாசிக்கலாம். அம்மா அந்தப் படத்தை வந்த புதிதில் தியேட்டரில் பார்த்தவர். நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அதுதான் படம் பார்த்திட்டனே” என்று திருப்பித் தந்துவிட்டார். மணிமேகலைக்காக வழக்காடிய அதே ஆள்!

கடைசியாகக் கொஞ்சம் காசுக் கணக்கு. தமிழ்நாட்டுப் புத்தகங்களின் விலையை இங்கே இலங்கை ரூபாயில் சில மடங்காகப் பெருக்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது. 2022 க்குப் பிறகு வாங்குவதற்கு முன் கை தயங்குகிறது. ஆகவே படம் வரும் என்று தெரிந்ததும் ஓடிப்போய் வாங்காதீர்கள். அட்டையில் நடிகர்களின் படம் போட்ட பதிப்பு விலை கூடினதாக இருந்தால், உள்ளே இருப்பது அதே எழுத்துத்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதும் இலவசமாக உண்டு. போனில் அவ்வளவு நீளத்தை வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை, ஆனால் கடம்பூர் வரை போவதற்கு அது போதும். கையில் பிடித்து வாசிக்கவேண்டுமென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பழைய புத்தகம் என்றால் மருதானைப் பக்கம் ஒரு சனிக்கிழமை காலை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கழிவு கிடைக்கும், சனமும் இருக்கும்.

பிள்ளைகளுக்கென்றால் ஒரு விஷயம் முக்கியம். படம் பார்த்துவிட்டு வரும் அன்றே புத்தகம் வீட்டில் இருக்கவேண்டும். ஒரு கிழமை போனால் ஆசை ஆறிவிடும், அடுத்த படம் வந்துவிடும். நூலகத்தில் எடுப்பதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் நாளிலேயே புத்தகத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து பாகக் கதை என்றால், நாலாம் பாகத்தை எடுக்கும்போதே ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். எந்த நூலகத்திலும் அதுதான் யாரோ ஒருவர் கொண்டுபோய் இன்னும் திருப்பித் தராத பாகம்.